உயிர் இருக்கு

நவம்பர் 12, புதன்

என் வீட்டுக்காரருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அடித்தது உங்கள் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

புயல் போன மறுநாள் காலை நம் சமையலறைத் தகரம் எதிர்வீட்டு மாடியில் கிடந்தது. உங்கள் அக்கா மூச்சு மிஷினுக்குக் கரண்ட் இல்லாமல், மடியில் தலையணையை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நீங்கள் என்னடாவென்றால் கையுறையையும் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு கரண்ட் ஆபீஸ் வண்டியில் ஏறினீர்கள். லீவில் இருந்த ஆள்! “ஆத்துக்கு அந்தப் பக்கம் லைனெல்லாம் விழுந்து கிடக்கு, ஆள் பத்தலை”ன்னு சொன்னீர்கள். “அப்ப போங்க, ஊருக்கு உழைச்சுட்டு வாங்க”ன்னு நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வண்டி போய்விட்டது.

தெரு முனைக்குப் பால் வாங்கப் போனால்கூட “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷன் நீங்கள். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. தகரம் போனது கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இதைத்தான் மறக்க முடியவில்லை.

போன் கோபுரம் சாய்ந்து கிடக்கிறது, பாலமும் உடைந்துவிட்டது. அதனால் கடிதம். நம் தெரு முனைக் கிடங்கிலிருந்து அணை வழியாகச் சுற்றி உங்களுக்குக் கம்பம் ஏற்றி வருகிற லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரைத் தெருவே ஹாரன் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறது. பேசுவதற்குப் பதிலாக ஹாரன் அடிக்கிறார். அடித்து அடித்து அவர் காதே மந்தமாகிவிட்டது போல. நான் பத்து வார்த்தை சொன்னால் இரண்டுதான் அவர் காதில் ஏறுகிறது, அந்த இரண்டைத்தான் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவார். ஆகவே முக்கியமானதை எழுதியே கொடுக்கிறேன்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சிலிண்டர் கொடுத்தார்கள். அது தீர்ந்துகொண்டே வருகிறது, வேறு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பஞ்சாலையில் அத்தனை வருஷம் பஞ்சைத் தின்ற நெஞ்சு, சும்மா இருக்குமா? “எப்படி இருக்கீங்க அக்கா?” என்று காலையில் கேட்டால் “உயிர் இருக்கு” என்கிறார். மத்தியானமும் அதேதான். ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும்? நாத்தனார் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

பின்பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரர் தன் ஜெனரேட்டரிலிருந்து நமக்கு வயர் இழுத்துத் தருகிறேன் என்கிறார். தடி வயர், பிளக்கில் நுழையாது, மெயின் போர்டில்தான் சேர்க்க வேண்டுமாம். சேர்க்கலாமா? உடனே எழுதுங்கள்.

தெருவில் அறுந்த தெருவிளக்குக் கம்பி கிடக்கிறது. பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்து விளையாடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வருகிறது.

உங்கள் பெண்டாட்டிதான், வேறு யார்


நவம்பர் 13, வியாழன்

மகாராணிக்கு,

தாள் கிடைக்கவில்லை. கம்பத்துப் பீங்கான் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதுகிறேன். நீ அடித்த ‘அன்புள்ள’வை வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டேன். எனக்கு அது போதும்.

ஜெனரேட்டர் என்று படித்ததும் வேண்டாம் என்றுதான் எழுத வந்தேன். அக்காவுக்கு வேறு வழியில்லை என்பதால் சரி என்கிறேன். ஆனால் நான் சொல்வதை வரி விடாமல் கேள்.

வயரைத் தொடுவதற்கு முன்னால் மெயின் பெட்டியின் சிவப்புக் கைப்பிடியைக் கீழே இறக்கிவிடு. ஜெனரேட்டர் ஓடுகிறவரை அது கீழேயே இருக்க வேண்டும். மேலே இருந்தால் அந்தக் கரண்ட் நம் வீட்டோடு நிற்காது. வெளியே போய்த் தெருக் கம்பத்தில் ஏறி, டிரான்ஸ்பார்மருக்குப் போய், அங்கே பல மடங்கு பெருத்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டி நான் நிற்கிற லைனுக்கே வந்துவிடும். சப்ஸ்டேஷனில் அணைத்தாயிற்று என்ற தைரியத்தில் நாங்கள் வெறும் லைன் என்று கை வைப்போம். அங்கே ஒரு வீட்டில் ஃபேன் சுற்றும். இங்கே ஒருத்தன் கம்பத்தில் தொங்குவான்.

நம் தெருவில் ஐஸ் கம்பெனிக்காரர் எத்தனை வீட்டுக்குக் கொடுக்கிறாரோ, அத்தனை வீட்டிலும் நீ போய்ப் பார். வாங்காத வீட்டிலும் இறக்கச் சொல், நாளைக்கு அவர்களும் வாங்கலாம். யாரும் கேட்கவில்லை என்றால் உன் வாயைத் திற. அதற்குத்தானே ஆண்டவன் அதைக் கொடுத்தான். அறுந்த கம்பிப் பக்கம் பிள்ளைகளை விடாதே.

கல்யாணமான புதிதில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? “செத்துடுச்சா? நல்லா செத்துடுச்சா? அப்ப சரி, சாப்பிட்டு வந்து ஏறறேன்” என்று நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு நீ உன் அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டினாயே. ஆன், ஆஃப் என்றால் காற்றில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கிறது. அதனால்தான் எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வதில்லை. லைன் செத்துடுச்சு என்றால் கை வைக்கலாம். உயிர் இருக்கு என்றால் கையை எடுக்கணும். ஊருக்கெல்லாம் சாவு கெட்ட சேதி, எங்களுக்கு அதுதான் நல்ல சேதி. அக்கா “உயிர் இருக்கு” என்கிறாள் என்று படித்தபோது என் கை தன்னால் பின்னுக்குப் போனது. பழக்க தோஷம்!

இங்கே எல்லோரும் சௌக்கியம். பள்ளிக்கூடத்தில் படுக்கை, பெஞ்சுதான் கட்டில். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

சொல்லாமல் போனது பற்றி நேரில் பேசலாம்.

உன்னவன்


நவம்பர் 15, சனி

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதிய புண்ணியவானுக்கு,

நேற்று உங்கள் அட்டையைக் கொடுத்துவிட்டு ஹாரன் அண்ணன் சொன்னார், “நெட்டை போயிட்டார்.”

“ஊருக்கா?” என்றேன்.

அவர் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தைக்கு மேல் அன்றைக்கும் பேசவில்லை. எனக்குப் புரிந்ததும் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, “உங்க வீட்டு வாசப்படிக்கு என் மேல என்னங்க கோபம்?” என்று கேட்கிற, உங்களோடு கம்பம் ஏறுகிற நெட்டை. எந்தக் கடைக்காரனோ ஜெனரேட்டர் வைத்திருந்தானாம், கிடங்குக் காவல்காரர்தான் சொன்னார். மெயினை இறக்கவில்லையாம். நீங்கள் ‘ஒருத்தன் கம்பத்தில் தொங்குவான்’ என்று எழுதியது யாரைப் பார்த்துவிட்டு? அன்றைக்குத்தானே? பக்கத்தில் அவரைக் கிடத்திவைத்துக்கொண்டா எனக்கு மகாராணி, பெட்டி கட்டினாய் என்றெல்லாம் எழுதினீர்கள்? நான் பயந்துவிடுவேன் என்று மறைத்தீர்களாக்கும். இப்போது பாருங்கள், எதை எழுதினாலும் நம்ப முடியவில்லை. ‘சௌக்கியம்’ என்ற வார்த்தையைப் பார்த்தாலே, பின்பக்கம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கிறேன்.

போர்டில் வயர் சேர்த்தாயிற்று. சேர்ப்பதற்கு முன்பே மெயினை இறக்கிவிட்டேன். மிஷின் ஓடுகிறது. ஐஸ் கம்பெனிக்காரர் மத்தியானம் சிறிது நேரம் நிறுத்துகிறார், அந்த நேரத்துக்குச் சிலிண்டரில் மிச்சம் இருப்பதைத் துளித்துளியாகத் திறக்கிறேன்.

நெட்டை சேதி தெரிந்த பிறகு நான் வீட்டில் உட்காரவில்லை. தெருவில் ஒரு வீடு விடவில்லை. ரிட்டயர் ஆன கண்டக்டர் இருக்கிறாரே, அவர், “எங்க வீட்டுக்குத்தான் ஜெனரேட்டர் வயரே வரலையே, நான் ஏன் இறக்கணும்?” என்று டிக்கெட் பரிசோதகர் மாதிரி குறுக்குக் கேள்வி போட்டார். “என் வீட்டுக்காரர் கம்பத்துல நிக்கறார்” என்றேன். மறு பேச்சில்லாமல் போய் இறக்கினார். தையல்காரி வீட்டில் பெட்டி துருப்பிடித்துக் கைப்பிடி அசையவில்லை. அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டேன், இறங்கிவிட்டது. இப்போது என்னைக் கண்டால் தெருவே “இறக்கியாச்சு, இறக்கியாச்சு” என்று வாசலிலிருந்தே கத்துகிறது. எனக்கு ‘மெயினம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

அக்காவிடம் நெட்டை சேதியைச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாரு?” என்று மட்டும் கேட்டார். தம்பியில்லை என்றேன். குழாயைச் சரிசெய்துகொண்டார். மூச்சுக்கு நடுவே கேட்டார், “என் மிஷினாலதான்டி இவ்வளவும். இதை நிறுத்திட்டா அவனுக்குத் தொல்லையில்ல இல்ல?”

“வாயை மூடுங்க” என்றேன். நாத்தனாரிடம் இப்படிப் பேசியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறதுங்க. மிஷின் நின்றால் அவர். ஓடினால் நீங்கள். நடுவில் ஒரு சிவப்புக் கைப்பிடி. வீட்டில் எங்கே போனாலும் அதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

உங்கள் மெயினம்மா


நவம்பர் 17, திங்கள்

மெயினம்மாவுக்கு,

நீ எழுதியது சரி. நெட்டையை இறக்கிவிட்டு வந்துதான் அதை எழுதினேன். எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். உன்னோடு நாலு வரி கிண்டல் பேசினால் அவன் முகம் கண்ணிலிருந்து போகும் என்று நினைத்தேன். கொஞ்சம் போனது.

இனி மறைக்கமாட்டேன். கேட்டுக்கொள். நெட்டைக்கு அடுத்த கம்பத்தில் நான் நின்றேன். அவன் ஒரு சத்தமும் போடவில்லை. பெல்ட் பிடித்துக்கொண்டதால் விழவும் இல்லை. வேலை செய்துகொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். “டேய், பீங்கானை எடு” என்று அவனிடம் பேசிக்கொண்டுகூட இருந்தேன். அதற்கப்புறம் கம்பத்தில் ஏறினால் முழங்கால் ஆடுகிறது. கீழே இருக்கிறவர்கள் காற்று என்று நினைக்கிறார்கள்.

அன்றைக்கு ஏன் சொல்லாமல் போனேன் என்றால், போயிட்டு வரேன் என்று சொன்னால் வர வேண்டும். விழுந்து கிடந்த லைன்களைப் பற்றி ஆபீஸில் சொன்னதைக் கேட்டபோது, வந்துவிடுவேன் என்று எனக்கே உறுதியில்லை. உன்னிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். உன் மேல் கோபம் இல்லை.

அக்காவிடம் சொல், மிஷினை நிறுத்துகிற பேச்சே கூடாது. அப்பா போன பிறகு பஞ்சாலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவள் அவள். அந்தப் பஞ்சு என் சோற்றுக்காக அவள் நெஞ்சுக்குள் போனது.

இப்போது முக்கியமான சேதி. நாளைக்கு ஆற்றங்கரை லைனுக்கு வருகிறோம். அதுதான் ஆற்றைத் தாண்டி நம் தெரு டிரான்ஸ்பார்மருக்கு வருகிற லைன். வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் லைனை மண்ணோடு சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும், அப்போதுதான் எந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் போகும். எங்களிடம் சங்கிலி ஒன்றுதான் இருக்கிறது. மற்றது கட்டுவதற்கு முன்பே நெட்டையோடு எரிந்துவிட்டது. லைனில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கிற கோலும் அடுத்த கோஷ்டியிடம் இருக்கிறது. இருக்கிற சங்கிலியைச் சப்ஸ்டேஷன் பக்கம் போட்டுவிட்டு, “ஆத்துக்கு அந்தப் பக்கம் என்னடா பண்றது?” என்று போர்மேன் கேட்டார்.

“அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி இருக்கா” என்றேன். நீ வீடு வீடாகப் போனதைச் சொன்னேன்.

“அப்ப சரி” என்றார்.

பெருமையாக இருந்தது எனக்கு. பயமாகவும் இருந்தது. இன்னொரு தடவை எல்லா வீட்டையும் பார்த்துவிடு.

அக்கா எப்படி இருக்கிறாள் என்று நாளைக் காலை ஹாரன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. கடிதம் எழுத நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தை வந்தால் முழங்கால் ஆடாமல் நிற்கும்.

உன்னவன்


நவம்பர் 18, செவ்வாய்

என்னங்க,

ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன், இந்நேரம் வந்திருக்கும். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். மத்தியானம் ஆகிவிட்டது. காலையில் நடந்ததற்குப் பிறகு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

உங்கள் கடிதம் நேற்று சாயங்காலம் வந்ததும் மறுபடி எல்லா வீட்டுக்கும் போனேன். எல்லாம் கீழே இருந்தது. நம் வீட்டிலும் கீழேதான்.

இன்று விடியற்காலையில் ஜெனரேட்டர் இருமியது. நாலைந்து தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. மிஷின் கூவென்று கத்திவிட்டு அதுவும் நின்றது. சிலிண்டரைத் திறந்தேன், உஸ் என்று கூட வரவில்லை. அக்கா எழுந்து உட்காரப் பார்த்தார். வாய் திறக்கிறது, உள்ளே ஒன்றும் போகவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. என் கையில் அவர் பிடித்த இடம் இன்னும் சிவந்து இருக்கிறது.

ஒருவேளை நிஜக் கரண்ட் வந்துவிட்டதோ, அதனால்தான் ஐஸ் கம்பெனிக்காரர் நிறுத்திவிட்டாரோ என்று தோன்றியது. ஓடிப்போய் மெயினைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அப்படியே பின்வாசல் வழியாக ஓடி அவர் கேட்டைத் தட்டினேன். தட்டினேன் என்பது பொய், உடைத்தேன். “டீசல் தீர்ந்து போச்சும்மா” என்று சொல்லிக்கொண்டே ஓடினார். தன் வேனிலிருந்து குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுத்து ஊற்றினார். பாதி டீசலை விழுங்கியிருப்பார், பாவம்.

நான் திரும்பி வந்து அக்காவை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். “மூச்சு விடுங்க அக்கா. மூச்சு விடுங்க. இந்த வீட்டுல எனக்குச் சண்டை போட வேற ஆள் இல்ல” என்று கத்தினேன். அவர் தலை என் தோளில் கனத்துக்கொண்டே போனது. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. மிஷின் ஓடியது. குழாயை மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “எப்படி இருக்கீங்க? சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தார்.

“உயிர் இருக்கு” என்றார்.

அந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் அவரைத் திட்டியிருப்பேன்! இன்று கட்டிப்பிடித்து அழுதேன். வாசலில் ஹாரன் கேட்டது. ஜன்னலிலிருந்தே, “அக்காவுக்கு உயிர் இருக்குன்னு சொல்லுங்க!” என்று கத்தினேன். அண்ணன் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

“இன்னைக்கு நிறுத்தவே போறதில்லை, ஐஸ் உருகினா உருகட்டும்” என்று சொல்லிவிட்டார் ஐஸ் கம்பெனிக்காரர். அக்கா தூங்குகிறார். இத்தனை நாளுக்குப் பிறகு தைரியமாக ஹால் ஃபேனைப் போட்டிருக்கிறேன். தாள் பறக்கிறது, டார்ச்சைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டு...

ஏங்க.

தாள் பறந்து மெயின் போர்டுக்கு அடியில் போய்விட்டது. எடுக்கப் போனேன்.

கைப்பிடி மேலே இருக்கிறது.

இறக்கிவிட்டேன். இப்போது இறக்கி என்ன? காலையில் தூக்கியவள் இறக்கவில்லை. டீசல் ஊற்றி ஓட ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு நேரமும் மேலேயே இருந்திருக்கிறது. நான் ஃபேன் போட்டுக்கொண்டு காற்று வாங்கியிருக்கிறேன்.

கிடங்குக்கு ஓடினேன். காவல்காரர் மட்டும் இருக்கிறார். வண்டி ஒன்றுகூட இல்லை. ஆற்றங்கரைக்கு ஓடினேன். அந்தக் கரையில் கம்பங்கள் தெரிகின்றன, ஆள் தெரியவில்லை. தண்ணீர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்காவைத் தனியே விட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்பி ஓடி வந்தேன்.

அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி இருக்கா என்று சொன்னீர்களே. அதை ஏன் சொன்னீர்கள்? நம்ப வேறு ஆளே கிடைக்கவில்லையா?

என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுதிக்கொண்டே இருக்கிறேன். எழுதினால் படிப்பதற்கு நீங்கள் இருந்தாக வேண்டும் அல்லவா. அதனால் நிறுத்தப் பயமாக இருக்கிறது. சமையலறைக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறேன், ஒழுகவில்லை. உங்கள் நீலச் சட்டைக்குப் பித்தான் தைத்துவிட்டேன். நெட்டை இடித்துக்கொள்கிற நிலைப்படியில் துணி சுற்றலாம் என்று எத்தனை நாள் நினைத்தேன், சுற்றவே இல்லை. இருட்டிக்கொண்டு வருகிறது. அக்கா விழித்துவிட்டார், என்னையே பார்க்கிறார். அவரிடம் சொல்லிவிட்டேன். இப்போது வாசலைப் பார்க்கிறார்.

ஹாரன் கேட்கிறது.

எழுந்து போகாமல் இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். “போடி, போய்ப் பாரு” என்கிறார் அக்கா.


நவம்பர் 18, செவ்வாய்

என் உயிரைக் காப்பாற்றியவளுக்கு,

ஹாரன் அண்ணன் கிளம்புவதற்குள் எழுதவேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

ஆற்றங்கரைக் கம்பத்தின் உச்சியில் இருந்தேன். பெல்ட் மாட்டியாயிற்று. நம் பக்கத்திலிருந்து வருகிற லைனைப் பிடித்து இழுத்துக் கட்ட வேண்டியதுதான் பாக்கி. கையை நீட்டிவிட்டேன். வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு லாரி வந்தது. அண்ணன் கதவுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கத்தினார், “உயிர் இருக்காம்! உங்க வீட்டம்மா சொன்னாங்க, உயிர் இருக்காம்!”

“கையை எடுடா!” என்று கீழேயிருந்து போர்மேன் அலறினார். அவர் சொல்வதற்கு முன்பே கை வந்துவிட்டது. ஒரு சாண் இருந்திருக்கும் நடுவில், அவ்வளவுதான்.

அடுத்த கோஷ்டியிடம் ஆள் அனுப்பிக் கோலை வாங்கிவந்து நீட்டிப் பார்த்தோம். கோல் கூவிவிட்டது. நன்றாக உயிர் இருந்தது. கீழே இறங்கி வந்து மண்ணில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. போர்மேன் தலையில் தண்ணீர் ஊற்றினார். “உன் வீட்டம்மாவுக்கு இங்க வேலை போட்டுக் கொடுக்கச் சொல்றேன்டா, நம்மள விட நல்லா லைன் பாக்கறாங்க” என்கிறார். எங்கள் ஆட்கள் எல்லோரும் உன்னைக் கும்பிடுகிறார்கள்.

எப்படியம்மா கண்டுபிடித்தாய்? எந்த வீட்டு மகராசன் மெயினைத் தூக்கினான்? யாராக இருந்தாலும் விடாதே. என் சார்பிலும் நெட்டை சார்பிலும் நாலு நாள் தாங்குகிற மாதிரி திட்டு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தேன். லைனைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறாய், அவளைப் பற்றி ஒன்றும் இல்லை. “எங்க அக்காவைப் பத்தி ஏதாவது சொன்னாளா?” என்று ஹாரன் அண்ணனைக் கேட்டேன். “உயிர் இருக்குன்னாங்க. அவ்வளவுதான் காதுல விழுந்தது” என்றார். நான் நெட்டையை மறைத்தேனே, அதுபோல நீ எதையாவது மறைக்கிறாயா? அக்கா போய்விட்டாள் என்றால் சொல்லிவிடு. அழுதுவிட்டு ஏறுகிறேன், தெரியாமல் ஏறுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது சங்கிலி வந்துவிட்டது. நாளைக்கு மறுபடி அதே கம்பம்.

இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன். போயிட்டு வரேன்.

உன்னவன்


நவம்பர் 19, புதன்

அன்புள்ள உங்களுக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

இதோடு நேற்று எழுதியதையும் வைத்திருக்கிறேன். கீழே இருக்கும்போது படியுங்கள். மேலே ஏறிக்கொண்டு படிக்காதீர்கள்.

மெயினைத் தூக்கின மகராசனைக் கண்டுபிடித்துவிட்டேன். நேற்றிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியைப் பார்த்துத் திட்டுகிறேன். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப் பானையில். உங்கள் ஆட்களிடம் கும்பிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லைனில் உயிர் இருந்தது எனக்குத் தெரியாது. நான் சொல்லி அனுப்பிய உயிர் அக்காவுடையது. ‘அக்காவுக்கு’ என்று முதலில் சொன்னதை ஹாரன் அண்ணன் தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அக்கா இருக்கிறார். இதை எழுதும்போது என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா யோசித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார், “ஏண்டி, நேத்து காலையில நான் போய்ச் சேந்திருந்தா, அந்த டிரைவர்கிட்ட என்ன சொல்லி அனுப்பியிருப்பே?”

 எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ‘அக்கா செத்துட்டாங்க’ என்று கத்தியிருப்பேன். அண்ணன் அதில் ஒன்றைத்தான் கொண்டுவந்திருப்பார். கம்பத்தடியில் நின்று “செத்துடுச்சாம்!” என்று கத்தியிருப்பார். போர்மேன் “அப்ப சரி” என்றிருப்பார். நீங்கள் கையை வைத்திருப்பீர்கள்.

அதை நினைத்ததும் எழுந்து போனேன். சேலை முந்தானையைக் கிழித்து அந்தக் கைப்பிடியைக் கீழோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். நீங்கள் வந்து உங்கள் கையால் அவிழ்த்தால்தான் உண்டு.

காலையில் வழக்கம்போல, “எப்படி இருக்கீங்க அக்கா?” என்று கேட்டேன். குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கிவிட்டுச் சொன்னார், “அவன் கடைசிக் கம்பத்துலேர்ந்து இறங்கற வரைக்கும் நான் சாகப் போறதில்லை. டிரைவர்கிட்ட சொல்லிடு. உயிர் இருக்குன்னு ரெண்டு வார்த்தை போதும்.”

ஹாரன் கேட்கிறது. சொல்லிவிட்டு வருகிறேன்.